சீப்பு படாத தலை

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள்! இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். குரலிலேயே அழுகை. மகன் கனடாவில், டொரான்டோவில் படிக்கிறான்.

"டீச்சர், வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க. தலை பூரா சடை சடையா திரிச்சு விட்டுட்டு நிக்கிறான். தலைக்கே குளிக்கறது இல்லையாம். ஊர்ல வந்து நின்னா நாலு பேர் என்ன பேசுவாங்க? நீங்க சொன்னா கேப்பான். வெட்டச் சொல்லுங்க டீச்சர்."

சரி என்று பையனைக் கூப்பிட்டேன். சின்ன வயதிலிருந்தே அவன் எனக்குப் பழக்கம். சுருட்டை முடிக்காரன். டொரான்டோவில் ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் நிறைய. அவர்களில் ஒருவர் நடத்தும் கடையில் முடியைத் திரித்துக்கொண்டானாம்.

"டீச்சர் பாட்டி, அம்மா வெட்டு வெட்டுன்னு ஒரே சண்டை. என் பிரச்சினை வேற. குளிச்சா சடை அவிழ்ந்துடும்னு கூடப் படிக்கிற ஒருத்தன் சொன்னான். மூணு வாரமா தலையில தண்ணியே படலை. அரிப்பு தாங்கலை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உடனேயே வேறொரு தலை ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு நின்றுபோனது. அந்தத் தலையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

"எனக்குத் தெரியாதுப்பா, படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு வீட்டுப்பாடம் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? படித்ததை அவனுக்கு மட்டும் சொல்வதைவிட உங்கள் எல்லோருக்கும் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் சடை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நம் தலையிலிருந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 முதல் 100 முடிவரை உதிர்கிறது. சீவும்போது அது சீப்போடு வந்துவிடும். சீவாமல் விட்டால் உதிர்ந்த முடி கீழே விழாமல் பக்கத்து முடியோடு சுற்றிக்கொள்ளும். நாளாக நாளாக அது இறுகிக் கயிறு போல ஆகிவிடும். சுருட்டை முடியில் இது சீக்கிரம் நடக்கும். ஆக, சடை என்பது அழுக்கால் ஒட்டிக்கொண்ட முடி அல்ல. உதிர வேண்டிய முடி உதிராமல் பின்னிக்கொண்ட முடி. இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ளாமல் உலகத்தில் எத்தனை பேர் எத்தனை பேரை அவமானப்படுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவின் கதை.

சடை வளர்க்கும் வழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. நமக்குச் சடையப்பர் உண்டு. பாண்டிய மன்னர்களில் பலர் சடையவர்மன் என்று பட்டம் சூட்டிக்கொண்டார்கள். நமீபியாவின் ஹிம்பா இனப் பெண்கள் செங்காவிக் கல்லின் பொடியை வெண்ணெயில் குழைத்துச் சடையில் பூசுகிறார்கள். தண்ணீர் அரிதான நாடு அது. உடம்புக்கு நறுமணப் புகை பிடித்துக்கொள்வதுதான் அவர்களுக்குக் குளியல். செனகல் நாட்டில் பாய் ஃபால் என்ற முஸ்லிம் பிரிவினரும் சடை வளர்க்கிறார்கள். ஆனால் இன்று 'ட்ரெட்லாக்ஸ்' என்ற பெயரோடு உலகம் முழுக்கப் பரவியிருக்கும் சடை ஜமைக்காத் தீவில் பிறந்தது. அதன் வரலாறு நூறு ஆண்டுகூட ஆகாதது.

ஜமைக்காவில் அடிமை முறைக்கு முழு முடிவு வந்தது 1838 ஆகஸ்ட் 1 அன்று. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து சுமார் 36,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரும்பாலும் வட இந்தியர்கள். 'கஞ்சா' என்ற சொல்லே அவர்களோடு ஜமைக்காவுக்குப் போனதுதான்.

அடிமை முறை ஒழிந்தாலும் கறுப்பு நிறத்தின் மீதான இளக்காரம் ஒழியவில்லை. வெள்ளையரைப் போல் நீண்டு நேராகத் தொங்குவது 'நல்ல முடி', சுருண்டு நிற்பது 'கெட்ட முடி' என்ற பேச்சு கறுப்பர் வீடுகளிலேயே இருந்தது. இரும்புச் சீப்பைச் சூடாக்கி முடியை நீட்டிக்கொண்டார்கள். தன் தலையைத் தானே வெறுக்கக் கற்றுக்கொடுப்பதைவிடப் பெரிய அடிமைத்தனம் உண்டா?

இந்தச் சூழ்நிலையில் 1930 நவம்பர் 2-ஆம் தேதி எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்பவர் ஹைலே செலாசி என்ற பெயரில் பேரரசராக முடிசூடினார். ஒரு கறுப்பு மன்னர் முடிசூடிய படத்தைப் பார்த்த ஜமைக்காவின் ஏழைகள் சிலர், வேதத்தில் சொன்ன மீட்பர் இவர்தான் என்று நம்பினார்கள். அவர் பெயரிலேயே ரஸ்தஃபாரி இயக்கம் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், பேரரசருக்குச் சடை கிடையாது. கடைசிவரை முடியைக் கத்தரித்துச் சீவியே வைத்திருந்தார். தன்னைக் கடவுள் என்று அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை.

இயக்கத்தின் முதல் பிரசாரகர்களில் முக்கியமானவர் லெனர்ட் ஹவல். அரச நிந்தனை வழக்கில் 1934-இல் அவருக்கு இரண்டு ஆண்டு சிறை. அவர் தனக்கு வைத்துக்கொண்ட இன்னொரு பெயர் 'கங்குங்குரு மராக்'. ஞானம், குரு, மகராஜ் என்ற நம் நாட்டுச் சொற்கள் அதில் இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தோட்டங்களில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் அக்கம்பக்கம் வாழ்ந்ததன் அடையாளம் அது. 1940-இல் செயின்ட் கேத்தரின் மலைப்பகுதியில் 'பினக்கிள்' என்ற குடியிருப்பை அமைத்தார். போலீஸ் பலமுறை அதைச் சோதனையிட்டு, 1954-இல் அழித்தே போட்டது. ஹவலும் சடை வளர்த்தவர் அல்ல.

அப்படியானால் சடை எங்கிருந்து வந்தது? பினக்கிள் காவலர்களிடமிருந்து என்பார்கள் சிலர். தோட்டங்களில் பார்த்த இந்தியச் சாமியார்களிடமிருந்து என்பார்கள் சிலர். கென்யாவில் வெள்ளையரை எதிர்த்துக் காட்டுக்குள் போராடிய மாவ் மாவ் வீரர்களின் படங்களைப் பார்த்து என்பார்கள் இன்னும் சிலர். ஜமைக்காவைச் சேர்ந்த ஆய்வாளர் பேரி செவான்ஸ், முதியவர்களிடம் நேரில் கேட்டு எழுதியவர். 1940-களின் கடைசியில் கிங்ஸ்டன் நகரின் மேற்குச் சேரிகளில் இருந்த இளைஞர் குழு ஒன்றுதான் இதைத் தொடங்கியது என்பது அவர் முடிவு. மூத்தவர்கள் தாடி வளர்த்தார்கள், ஆனால் தலை சீவினார்கள். இளைஞர்கள் சீப்பையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். கொஞ்ச காலம் ரஸ்தாக்கள் 'சடை வீடு', 'சீப்பு வீடு' என்று இரண்டு கட்சியாகவே பிரிந்து நின்றிருக்கிறார்கள். 1960-களில் சீப்புக் கட்சி தேய்ந்து மறைந்தது.

அவர்களுக்கு ஆதாரம் பைபிள். எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் நசரேய விரதம் வருகிறது. விரதம் எடுத்தவன் தலையில் கத்தி படக்கூடாது. சிம்சோன் அப்படி வளர்ந்தவன்தான். அவன் தலையில் ஏழு சடை. அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. விரத காலம் முடிந்ததும் கூடார வாசலில் தலையை மழித்து, அந்த முடியைப் பலியின் கீழுள்ள தீயில் போட வேண்டும். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முடி காணிக்கை! நம் பழனியும் சமயபுரமும்தான் கண்முன் வந்தன.

'ட்ரெட்' என்றால் அச்சம். கடவுளிடம் கொண்ட பயபக்தி என்று அவர்கள் பொருள் சொன்னார்கள். ஊராருக்கோ அவர்களைப் பார்த்தாலே பயம். இரண்டு அர்த்தமும் அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டன.

இப்போது நம் பையனின் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் தலை குளித்தார்களா?

குளித்தார்கள். ஆறு இருந்த இடத்தில் ஆற்றில், கடல் இருந்த இடத்தில் கடலில். கடைச் சோப்பை ஒதுக்கியவர்கள் பலர். இயற்கையாக விளைந்ததையே உண்பது, பூசுவது என்ற கொள்கை அவர்களுடையது. அதற்கு 'ஐட்டல்' என்று பெயர். சோற்றுக் கற்றாழையை அறுத்து உள்ளே இருக்கும் வழவழப்பைத் தலையில் தேய்ப்பார்கள். அங்கே அதற்குப் பெயர் 'சிங்கிள் பைபிள்'. சப்பாத்திக் கள்ளியின் மடலை முள் நீக்கிப் பிளந்து தேய்த்து அலசுவதும் உண்டு. எண்ணெய் என்றால் நம் விளக்கெண்ணெய்தான். ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை எடுப்பார்கள். வறுப்பதால் கறுப்பாக இருக்கும். என் அம்மாச்சி வீட்டுக் கொல்லையில் விளக்கெண்ணெய் காய்ச்சியதை அப்படியே யாரோ கடல் தாண்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது எனக்கு.

ஆனால் ஊர் என்ன சொன்னது? அழுக்கன், பேன் பிடித்தவன், பைத்தியக்காரன், திருடன். தாய்மார்கள் பிள்ளைகளை மிரட்ட இவர்களைக் காட்டினார்கள். 1960-இல் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஸ்மித், ஆகியர், நெட்டில்ஃபோர்ட் என்ற மூவர் சேரிகளுக்கே போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார்கள். சடைக்காரர், தாடிக்காரர், இரண்டும் இல்லாதவர் என மூன்று வகை ரஸ்தாக்களும் இருக்கிறார்கள், பெரும்பாலோர் அமைதியானவர்கள் என்றார்கள். படித்தவர்கள் சிலர் மனம் மாறியது. போலீஸ் மாறவில்லை.

ஜமைக்கா சுதந்திரம் பெற்றது 1962 ஆகஸ்ட் 6. ஓராண்டுகூட ஆகவில்லை. 1963 ஏப்ரல் 11, பெரிய வியாழன். மான்டிகோ பே நகருக்கு அருகே கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நிலத் தகராறு ஒன்று வளர்ந்து, பெட்ரோல் நிலையம் எரிக்கப்பட்டது. போலீஸ்காரர் இருவர் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். செய்தவர்கள் ஒரு சிலர். ஆனால் தீவின் பல பகுதிகளில் சம்பந்தமே இல்லாத ரஸ்தாக்கள் வேட்டையாடப்பட்டார்கள். அடித்தார்கள், சிறையில் தள்ளினார்கள், சடையைப் பிடித்து அறுத்தார்கள். அந்த நாளை அவர்கள் 'கெட்ட வெள்ளி' என்று இன்றும் நினைவுகூர்கிறார்கள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்க 54 ஆண்டுகள் ஆயின. 2017 ஏப்ரலில் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அடிபட்டவர்களில் பலர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

இடையில் காலம் வேறு விதமாகவும் மாறியது. 1966 ஏப்ரல் 21 அன்று பேரரசரே கிங்ஸ்டன் வந்தார். விமான நிலையத்தில் கூடிய கூட்டத்தைப் பார்த்து நாடே திகைத்தது. 1970-களில் பாப் மார்லியின் பாட்டோடு அவருடைய சடையும் உலகம் சுற்றியது. புற்றுநோய் வந்து சிகிச்சையின்போது அந்தச் சடையை இழந்தார். 1981 மே 11 அன்று இறந்தபோது அவருக்கு வயது 36. சுவரொட்டிகளில் மட்டும் அந்தச் சடை இன்றும் அசைந்துகொண்டிருக்கிறது.

உலகமே ஏற்றுக்கொண்டுவிட்டது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். இல்லை. 2018-இல் அதே ஜமைக்காவில், கிங்ஸ்டனுக்கு அருகில் ஒரு தொடக்கப்பள்ளி, ஐந்து வயதுச் சிறுமியின் சடையை வெட்டினால்தான் சேர்ப்போம் என்றது. காரணம்? சுகாதாரம். பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு நடக்கும்போதே அவள் பள்ளிக்குப் போக இடைக்கால உத்தரவு கிடைத்தது. 2020 ஜூலை 31 அன்று உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பு வந்தது. மறுநாள் அடிமை முறை ஒழிந்த நாளின் விடுமுறை! குடும்பம் விடவில்லை. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, சிறுமியின் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னது. அமெரிக்காவிலும் முடியை வைத்துப் பள்ளியிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்று முதலில் சட்டம் போட்டது கலிபோர்னியா மாநிலம், அதுவும் 2019-இல்தான்.

'தொடக்கப்பள்ளி', 'சுகாதாரம்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துப் படித்தபோது என் கை நடுங்கியது. இனி அந்த வேறொரு தலையின் கதை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆசிரியர் பயிற்சி முடித்த சூடு. உலகத்தையே சுத்தம் செய்துவிடலாம் என்ற நினைப்பு. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். குலதெய்வத்துக்கு நேர்ந்து விட்ட முடி. கிடா வெட்டிப் பொங்கல் வைத்து முடி இறக்கக் கையில் காசு இல்லை. மூன்று வருடம் தள்ளிப்போய், முடி சிக்குப் பிடித்துச் சடை சடையாய்த் தோளில் கிடந்தது. கணக்கில் கெட்டிக்காரன். எந்தக் கேள்வி கேட்டாலும் முதல் கை அவனுடையது.

பள்ளி ஆய்வுக்கு அதிகாரி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. "உன் தலையப் பாத்தா அதிகாரி என்னைத்தான் திட்டுவாரு, வெட்டிக்கிட்டு வா" என்று இரண்டு நாள் சொன்னேன். மூன்றாம் நாளும் அப்படியே வந்தான். கைவேலை வகுப்புக் கத்தரிக்கோல் மேசையில் இருந்தது. யாரும் என்னை வெட்டச் சொல்லவில்லை. நானேதான் வெட்டினேன். அவன் அழவில்லை. கீழே விழுந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் புத்தகப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் அம்மா வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். "சாமிக்கு வச்சிருந்தது டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். அவன் ஒரு வாரம் கழித்து வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அந்த வருடம் முடியும்வரை அவன் கை ஒரு தடவைகூட உயரவில்லை.

ஆய்வுக்கு வந்த அதிகாரி யார் தலையையும் பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

'அழுக்கு' என்று நான் நினைத்தேனே தவிர, ஒருநாளும் அவனைக் கூப்பிட்டு, "கண்ணு, இதை எப்படி அலசறீங்க?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவன் அம்மா வாரம் தவறாமல் சீயக்காய் போட்டு அலசிவிட்டதைப் பிறகு பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பையன் இந்தப் பதிவைப் படிக்கிறானா என்று எனக்குத் தெரியாது. படித்தால், ஐயா, என்னை மன்னித்துவிடு. ஒரு அரசாங்கம் 54 வருடம் கழித்துக் கேட்டது. உன் டீச்சரும் ரொம்பத் தாமதம்தான்.

டொரான்டோ பையனுக்கு நான் சொன்னதை இப்போது எழுதுகிறேன். அவனுக்குச் சடை போட்டுவிட்ட ஜமைக்கா அம்மையாரிடமே கேட்கச் சொன்னேன். அவர் சொன்னதும் நான் படித்ததும் ஒத்துப்போயின.

குளிக்காமல் இருந்தால் சடை இறுகும் என்பது தவறு. தலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏற ஏற முடி வழுக்கும், பின்னிக்கொள்ளாது. சுத்தமான முடிதான் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். திரித்த புதிதில் ஓரிரு வாரம் விடலாம். பிறகு வாரத்துக்கு ஒரு முறை தலைக்குக் குளிக்கலாம்.

பிசுக்கு விடாத ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். நகம் படாமல் விரல் நுனியால் மண்டைத் தோலை மட்டும் தேய்க்க வேண்டும். சடையைக் கசக்கக் கூடாது. நுரை தானாக வழிந்து சடையைச் சுத்தம் செய்யும். ரொம்பப் புதுச் சடை என்றால் தலையில் மெல்லிய வலைத்துணி கட்டிக்கொண்டு குளித்தால் அவிழாது. பிறகு நுரை போகும்வரை நன்றாக அலச வேண்டும். உள்ளே ஷாம்பூ தங்கினால் அரிப்பும் வெள்ளைப் படிவும் வரும். முடியை வழவழப்பாக்கும் கண்டிஷனர் ஆரம்பத்தில் வேண்டாம். மெழுகு எப்போதுமே வேண்டாம், உள்ளே போனால் வெளியே வராது.

எல்லாவற்றையும்விட முக்கியம், காய வைப்பது. முறுக்காமல், துண்டால் அழுத்தி ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். வெளியே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு தொப்பி போட்டாலோ தூங்கினாலோ பூஞ்சை பிடித்து வாடை வரும். குளிர் நாடு என்பதால் காலையில் குளிப்பது நல்லது. காய்ந்ததும் பக்கத்துப் பக்கத்துச் சடைகள் வேரில் ஒட்டிக்கொள்ளாமல் கையால் மெதுவாகப் பிரித்துவிட வேண்டும். அடிக்கடி இறுக்கித் திரிக்கக் கூடாது. வேர் இழுபட்டால் முன்நெற்றியில் முடியே போய்விடும். இரவில் வழவழப்பான துணி கட்டிக்கொண்டு படுத்தால் தலையணைப் பஞ்சு ஒட்டாது. நன்றாக முதிர ஒரு வருடமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். அதுவரை கலைந்துதான் இருக்கும்.

இதையெல்லாம் அவன் செய்து, போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தலையைக் காட்டினான். "அரிப்பு போயிடுச்சு டீச்சர் பாட்டி" என்றான். அவன் அம்மாவும் அந்த அழைப்பில் இருந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன்டா, காஞ்சுதா இல்லையான்னு நடுவுல அமுக்கிப் பாத்தியா?" என்று கேட்டாள். எனக்கு அது போதும்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் வகுப்பில் ஏதாவது ஒரு தலை உங்களுக்குப் பிடிக்காமல் இருந்தால், முதலில் கேளுங்கள். கத்தரிக்கோலை மேசை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள்.

வாழ்க நலமுடன்.
உங்கள் டீச்சர்